ரிசீவர் சொன்ன தூரம்

"உட்காருங்க சார்" என்று டீச்சர் மூன்று தடவை சொல்லியாகிவிட்டது. மீட்டர் உட்காரவில்லை. ஹாலின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நடந்தார். ஜன்னல் திரையை விலக்கினார், மூடினார். சுவரோரம் கட்டிப் போட்டிருந்த அட்டைப் பெட்டிகளை எண்ணினார். மறுபடி நடந்தார்.

"அவரை விடுங்க டீச்சர். காலுக்குள்ள யாரோ சாவி குடுத்து விட்டிருக்காங்க. தீர்ற வரைக்கும் நிக்க மாட்டாரு" என்றாள் டிக்கெட்.

மின்சார அலுவலகத்துக்காக இருபத்திரண்டு வருஷம் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்தவர் அவர். வேலையை விட்டுத் துப்பறிய வந்த பிறகும் பெயர் அவரை விடவில்லை. அவரோடு சேர்ந்து துப்பறியும் டிக்கெட், பதினெட்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவள். முழங்கால் தேய்ந்ததும் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டாள். வாய் மட்டும் இறங்கவில்லை. ஆனால் இன்றைக்கு அவளுக்கே இருப்புக் கொள்ளவில்லை. எதிரே நின்ற டீச்சர் கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். அந்தச் சத்தம் டிக்கெட்டின் பல்லில் போய்க் கூசியது.

விஷயம் இதுதான். டீச்சரின் அப்பா பல் டாக்டர். வயது அறுபத்தாறு. முப்பத்தெட்டு வருஷம் நடத்திய கிளினிக்கைப் போன வருஷம் மூடிவிட்டார். அவர் இந்தக் கீழ் வீட்டில், டீச்சரும் கணவரும் மாடியில். புதன்கிழமை காலை டீச்சர் பள்ளிக்கூடம் கிளம்பும்போது வாசலில் நின்று கையசைத்தவர், மாலையில் இல்லை. அவர் போனிலிருந்து ஒரு செய்தி மட்டும் வந்திருந்தது: 'நாலு நாள் வெளியூர் போகிறேன். தேட வேண்டாம்.' அதற்குப் பிறகு போன் அணைந்துவிட்டது. இன்றைக்கு வெள்ளி. சொல்லிவிட்டுத்தானே போயிருக்கிறார், நாலு நாள் பொறுங்கள் என்று போலீசில் கையை விரித்துவிட்டார்கள்.

"நாலு நாள் எப்படிப் பொறுக்கிறது? மாத்திரையை இங்கயே விட்டுட்டுப் போயிருக்காரு" என்றாள் டீச்சர். "அவருக்கு இதயத் துடிப்பு அப்பப்போ தப்பும். ரத்தம் உறையாம இருக்க தினமும் ஒண்ணு போட்டாகணும். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான்தான் டப்பாவை நிரப்பி வைப்பேன்."

ஏழு நாளுக்கு ஏழு மூடி வைத்த பிளாஸ்டிக் டப்பா. மீட்டர் ஒவ்வொரு மூடியாகத் திறந்தார். ஞாயிறு, மாத்திரை இருந்தது. திங்கள், இருந்தது. செவ்வாய், இருந்தது.

"புதன்கிழமை காணாம போன மனுஷன் ஞாயித்துக்கிழமையே மாத்திரையை நிறுத்திட்டாரு" என்றார் மீட்டர்.

டீச்சர் குனிந்து டப்பாவுக்குள் பார்த்தாள். "அப்பா மறக்க மாட்டாரு."

"மறக்கலை. மறந்தா ஒரு நாள் மறக்கலாம். வரிசையா மறக்க முடியாது." டப்பாவைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "உங்களுக்கு யார் மேல சந்தேகம்?"

டீச்சர் டி.வி.யைக் காட்டினாள். "அதைக் கொண்டு வந்தவன் மேல."

டி.வி.க்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி. டி.வி.யின் சத்தத்தை வாங்கி, ஹாலில் இருந்த ஐந்து ஸ்பீக்கருக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கும் ரிசீவர். டி.வி.யின் இரண்டு பக்கமும் இரண்டு ஸ்பீக்கர், நடுவில் ஒன்று, சோபாவுக்குப் பின்னால் இடமும் வலமும் இரண்டு.

"அப்பா சினிமாவே பார்க்க மாட்டாரு சார். திடீர்னு ஒரு நாள் இதை வாங்கினாரு. கடைக்காரனே வந்து பொருத்திட்டுப் போனான். அப்புறம் ரெண்டு தடவை நான் இல்லாத நேரமா வந்திருக்கான். எதிர் வீட்ல சொன்னாங்க. நேத்துலேர்ந்து அவனுக்குப் பத்து தடவை அடிச்சிட்டேன். எடுக்கவே மாட்டேங்கிறான். 'மெசேஜ் அனுப்பவும்'னு மட்டும் பதில் வருது. தப்பு பண்ணாதவன் எதுக்குப் போனை எடுக்கப் பயப்படணும்?"

"கடன் கேக்கற சொந்தக்காரங்க இருந்தா நான்கூட எடுக்க மாட்டேன்" என்றாள் டிக்கெட்.

மீட்டர் அன்றைக்கு முதல் தடவையாக உட்கார்ந்தார், ரிசீவருக்கு முன்னால், தரையில். ரிமோட்டை அழுத்தினார். டி.வி. திரையில் எண்கள் வரிசை கட்டி வந்தன. எண்களைக் கண்டதும் அவர் கால் ஆடுவது நின்றது.

"நான் படிச்ச மீட்டர் எதுவும் பொய் சொன்னதில்லை. வீட்டுக்காரங்கதான் சொல்வாங்க" என்று முணுமுணுத்தார். "டிக்கெட், இதைப் பொருத்தறப்போ என்ன பண்ணுவாங்க தெரியுமா? நாம உட்கார்ற இடத்துல ஒரு குட்டி மைக்கை வைப்பாங்க. பெட்டி ஒவ்வொரு ஸ்பீக்கர்லேர்ந்தும் ஒரு சத்தம் விட்டு, மைக் எவ்வளவு தூரத்துல இருக்குன்னு தானே அளந்து எழுதி வெச்சுக்கும். இதுல ரெண்டு மெமரி இருக்கு. முதல் மெமரியில நடு ஸ்பீக்கர் மூணு புள்ளி ஒண்ணு மீட்டர். பின்னால உள்ளது ரெண்டும் ஒண்ணு புள்ளி ரெண்டு. டேப்பைப் பிடிங்க."

டிக்கெட் டேப்பின் நுனியோடு சோபாவில் போய் உட்கார்ந்தாள். அளவு சரியாக இருந்தது. கடைக்காரன் சோபாவில் மைக்கை வைத்து ஒழுங்காகத்தான் பொருத்தியிருக்கிறான்.

"இப்போ ரெண்டாவது மெமரி. கடைசியா ஓடினது இதுதான். நடு ஸ்பீக்கர், பூஜ்யம் புள்ளி ஆறு மீட்டர். பின்னால உள்ளது மூணு புள்ளி ரெண்டு."

"அறுபது சென்டிமீட்டரா?"

"போய் உட்காருங்க."

முழங்காலைத் திட்டிக்கொண்டே டிக்கெட் அந்த இடத்தில் உட்கார்ந்தாள். டி.வி. அவள் மூக்கை இடித்துவிடும் போல இருந்தது. திரையின் ஒரு ஓரம் தெரிந்தால் இன்னொரு ஓரம் தெரியவில்லை.

"சார், இங்கேர்ந்து படம் பார்க்க முடியாது. வேணும்னா திரையைத் துடைக்கலாம்."

"சரி. அப்போ இங்க உட்கார்ந்தவர் படம் பார்க்கலை. இன்னொண்ணு பாருங்க. முதல் மெமரியில எல்லா ஸ்பீக்கரும் ஒரே அளவு. இதுல நடு ஸ்பீக்கர் பிளஸ் பத்து. இடது பக்கம் முன்னாலயும் பின்னாலயும் பிளஸ் பத்து. அதுக்கு மேல ஏத்த இந்தப் பெட்டியில வழி இல்லை. வலது பக்கம் பிளஸ் ஆறு. மைக் இப்படி எழுதாது. யாரோ கையால ஏத்தியிருக்காங்க." அவர் பெட்டியின் முகப்பில் செருகியிருந்த சின்ன பென் டிரைவைத் தொட்டார். "இதைக் கேட்டுக்கிட்டு இருந்திருக்காங்க."

பொத்தானை அழுத்தினார்.

அடுத்த நொடி வீடே அதிர்ந்தது. அலமாரிக் கண்ணாடி கிடுகிடுத்தது. டிக்கெட் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். ஐந்து ஸ்பீக்கரும் சேர்ந்து முழங்கியது ஒரு பெண் குரல்:

'அப்பா, இன்னிக்கு ஸ்டாஃப் மீட்டிங். வர லேட்டாகும். சாவி பக்கத்து வீட்ல இருக்கு.'

டீச்சரின் குரல்.

மீட்டர் பாய்ந்து நிறுத்தினார். பென் டிரைவில் பத்தொன்பது பதிவுகள் இருந்தன. பத்தொன்பதும் டீச்சர் போனில் அப்பாவுக்கு அனுப்பிய குரல் செய்திகள்.

"என் குரலை எதுக்கு எடுத்து வெச்சிருக்கான்?" டீச்சருக்கு மூச்சு வாங்கியது. "குரலைப் பிடிச்சு அதே மாதிரி பேச வைக்கிறாங்களாமே சார்! நான் கூப்பிட்டதா நினைச்சு அப்பா எங்கயோ போயிருக்காரு. ஐயோ, என் குரலை வெச்சே அவரைக் கூட்டிட்டுப் போயிட்டான்!"

டிக்கெட்டுக்கும் அப்படித்தான் தோன்றியது.

"குரல் செய்தி எதுக்கு? நேரா போன் பண்ணிப் பேச மாட்டீங்களா?" என்று கேட்டார் மீட்டர்.

"அடிச்சா எடுக்க மாட்டாரு. கேட்டா வேலையா இருந்தேன்னுவாரு. அடுத்த மாசம் நாங்க வேற ஊருக்குப் போறோம், எனக்கு மாற்றல். என் வீட்டுக்காரர் வீடு பார்க்கத்தான் அங்க போயிருக்காரு. அப்புறம் போன்தானே அப்பா, இப்பவே எடுத்துப் பழகுங்கன்னு சண்டைகூடப் போட்டேன்."

மீட்டர் அட்டைப் பெட்டிகளைப் பார்த்தார். பிறகு கார்ச் சாவியை எடுத்தார். "வாங்க, அந்தக் கடைக்காரரைப் பார்த்துடலாம்."

கடை ஒரு மாடிப்படியின் முடிவில் இருந்தது. கண்ணாடிக் கதவு, தரையில் தடித்த விரிப்பு, மூன்று சுவரிலும் ஸ்பீக்கர்கள். உள்ளே நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு ரிசீவரின் பின்புறத்தில் ஒயர்களைச் செருகிக்கொண்டிருந்தார்.

"தம்பி" என்றாள் டிக்கெட்.

அவர் திரும்பவில்லை.

"தம்பி, உங்களைத்தான்."

அசையவில்லை. டீச்சர் பல்லைக் கடித்தாள். "பார்த்தீங்களா? வேணும்னே நிக்கிறான்."

டிக்கெட் தன் பழைய குரலை எடுத்தாள். நெரிசல் நேரத்தில் முன்படியில் தொங்குகிறவனைப் பின்படியிலிருந்து உள்ளே இழுக்கும் குரல். "கடையில ஆள் இருக்கா இல்லையா!"

தெருவில் போன ஒருவர் அண்ணாந்து பார்த்தார். கடைக்காரர் மட்டும் ஒயரை நிதானமாகத் திருகினார். டிக்கெட்டுக்கு ஆத்திரம் பொங்கியது. கல்லா மேசையில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு அறை விட்டாள்.

மேசையின் அதிர்வு பட்டதும்தான் அவர் துள்ளித் திரும்பினார். "மன்னிச்சுக்கங்க! ரொம்ப நேரமா நிக்கிறீங்களா? ஒயர் வேலை பார்க்கறப்போ இதைக் கழட்டி வெச்சிடுவேன்." மேசையிலிருந்து எதையோ எடுத்து வலது காதுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். அதிலிருந்து போன சின்ன ஒயரின் நுனியில் காசு அளவுக்கு ஒரு வட்டம். அது மண்டையில் முடிக்கு நடுவே காந்தம் போல 'டக்'கென்று ஒட்டிக்கொண்டது. "இப்போ சொல்லுங்க. கொஞ்சம் என் முகத்தைப் பார்த்துப் பேசினா நல்லது."

"போனை எடுக்காதது இதனாலயா?" என்றாள் டிக்கெட், மெதுவாக.

"போன்ல ஆம்பளைக் குரல்னா பரவாயில்லை. மத்ததெல்லாம் கரகரன்னு வரும். அதான் மெசேஜ் அனுப்பச் சொல்லுவேன்." அவர் கண் டீச்சர் மேல் பட்டது. முகம் மாறியது. "நீங்க... பல் டாக்டரோட பொண்ணா?"

"எங்கப்பா எங்க?"

கடைக்காரர் கையிலிருந்த திருகுளியை மேசையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

மீட்டர் நடந்துகொண்டே கேட்டார். "அவருக்கு எத்தனை ரிசீவர் காட்டினீங்க?"

"மூணு. பெருசுலேர்ந்து ஆரம்பிச்சேன். ஒன்பது ஸ்பீக்கர் இழுக்கும், இடி இடிச்சா கூரை மேல விழற மாதிரி இருக்கும். வேண்டாம்னுட்டாரு. ரெண்டாவதுல எல்லாம் இருந்துச்சு, ஆனா ஒரே மெமரி. கடைசியா சின்னதை எடுத்தாரு. அவர் கேட்டது மூணே விஷயம். ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தனித்தனியா ஏத்தி இறக்கலாமா, ரெண்டு மெமரி இருக்கா, பென் டிரைவ் போடலாமா. படத்தைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை."

"ரெண்டு மெமரி எதுக்கு?" என்றாள் டீச்சர்.

"ஒண்ணு உங்களுக்குக் காட்ட. இன்னொண்ணு அவருக்கு" என்றார் மீட்டர்.

டிக்கெட்டுக்கு அந்த நொடியில் மண்டைக்குள் மணி அடித்தது. பதினெட்டு வருஷத்தில் அவள் பஸ்ஸில் எத்தனையோ பேர் அப்படி ஏறியிருக்கிறார்கள். எங்கே போகணும் என்று கேட்டால் அவள் கண்ணைப் பார்க்காமல் உதட்டையே பார்ப்பார்கள். அவள் பையைத் துழாவக் குனிந்துவிட்டால் பதிலே வராது.

"டீச்சர், நீங்க பேசறப்போ அப்பா உங்க கண்ணைப் பார்ப்பாரா, வாயைப் பார்ப்பாரா?"

டீச்சரின் விரல் தானாக உதட்டில் போய் நின்றது.

"காது போயிடுச்சும்மா அவருக்கு" என்றார் மீட்டர். அவர் நடப்பதை நிறுத்தியிருந்தார். "முப்பத்தெட்டு வருஷம் காதோரம் பல் துளைக்கற மெஷின். இடது காது சுத்தமா இல்லை, அதான் இடது பக்க ஸ்பீக்கரை முட்டற வரைக்கும் ஏத்தியிருக்காரு. வலதுல கொஞ்சம் ஒட்டிக்கிட்டிருக்கு. நேர்ல நீங்க பேசினா உதட்டைப் படிச்சுச் சமாளிச்சிட்டாரு. நீங்க ஊருக்குப் போயிட்டா வெறும் போன். போன்ல உதடு தெரியாது. அதான் நீங்க அனுப்பின செய்தியை எல்லாம் ஸ்பீக்கர்ல ஏத்தி, அறுபது சென்டிமீட்டர்ல உட்கார்ந்து, உதடு இல்லாம உங்க குரலைப் புரிஞ்சுக்கப் பழகியிருக்காரு. முடியலை. முடிஞ்ச வரைக்கும் பார்த்துட்டு இவர்கிட்ட வழி கேட்டிருக்காரு. சரியா?"

கடைக்காரர் தலை குனிந்தார். "யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என் கையைப் பிடிச்சு வாக்கு வாங்கினாரு சார். எனக்கு ஆபரேஷன் பண்ணின ஆஸ்பத்திரியைத்தான் சொன்னேன். காதுக்குள்ள கருவி வைக்கிற ஆபரேஷன். நல்லபடியா முடிச்சிட்டு வந்து பொண்ணு முன்னால நிப்பேன்னாரு. நல்ல காரியந்தானே?"

"இதயத்தைப் பத்தி ஏதாவது கேட்டாரா?"

"ஆமா. இதயத்துல கோளாறு இருந்தா பண்ணுவாங்களான்னு கேட்டாரு. என் கூட இருந்த ஒருத்தருக்கு இதய டாக்டர் கடிதம் வாங்கிட்டு வரச் சொல்லி எட்டு மாசம் இழுத்தாங்கன்னேன். 'எட்டு மாசமா'ன்னு உட்கார்ந்துட்டாரு."

மீட்டர் சட்டைப் பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். "அதனாலதான் ஆஸ்பத்திரியில இதயக் கோளாறைச் சொல்லலை. பல்லைப் பிடுங்கறதுக்கு முன்னால எத்தனை பேரை இந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருப்பாரு! ஆபரேஷன்ல ரத்தம் நிக்காதுன்னு தானே நிறுத்திக்கிட்டாரு. ஈ.சி.ஜி. எடுத்தப்போ துடிப்பு ஒழுங்கா இருந்திருக்கும். ஆறு நாளாச்சு. எந்த நிமிஷமும் ரத்தம் உறைஞ்சு மூளைக்குப் போகலாம். அங்க யாருக்கும் தெரியாது."

கடைக்காரர் சட்டென்று திரும்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பன்னிரண்டு பத்து.

"இன்னிக்குத்தான் சார். ஒரு மணிக்கு."

கார் பறந்தது என்று சொல்ல ஆசைதான். மீட்டரின் கார் இருமிக்கொண்டே ஓடியது. ஒவ்வொரு சிக்னலும் அவர்களுக்காகவே சிவப்பாகக் காத்திருந்தது. டீச்சர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். நோயாளி விவரம் போனில் சொல்வதில்லை என்றார்கள். விவரம் வேண்டாம், நான் சொல்வதை மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள் என்று கெஞ்சினாள். இணைப்பில் இருங்கள் என்றார்கள். அதற்குப் பிறகு வெறும் இசைதான். கடைக்காரர் தன் டாக்டருக்குச் செய்தி மேல் செய்தியாகத் தட்டினார். எதையும் யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

"டீச்சர், மூச்சு விடுங்க" என்றாள் டிக்கெட்.

"ரெண்டு வருஷமா ஒரே வீட்ல இருக்கேன். எனக்குத் தெரியலையே."

"அவரு தெரிய விடலை."

"தலையை ஆட்டுவாரு. நான் எது சொன்னாலும் சிரிச்சுக்கிட்டே தலையை ஆட்டுவாரு. அப்பாவுக்கு வயசாக வயசாகப் பொறுமை வந்துடுச்சுன்னு நினைச்சேன்."

டிக்கெட் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாவது மாடி. நீண்ட தாழ்வாரம். லிஃப்ட் கதவு திறந்தபோது மணி ஒன்றாக எட்டு நிமிஷம். தாழ்வாரத்தின் கடைசியில் ஒரு தள்ளுபடுக்கை ஆபரேஷன் தியேட்டர் கதவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. படுக்கையில் பச்சை அங்கி, பச்சைத் தொப்பி. தலைமாட்டைச் சாய்த்து உயர்த்தியிருந்ததால் பின்கழுத்து மட்டும் தெரிந்தது.

"அப்பா!"

டீச்சரின் குரல் தாழ்வாரம் முழுக்க எதிரொலித்தது. பெஞ்சில் காத்திருந்தவர்கள் திரும்பினார்கள். மாப் போட்டுக்கொண்டிருந்தவர் திரும்பினார். படுக்கையைத் தள்ளிய நர்ஸ்கூட ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டு, வேறு யாரையோ என்று நினைத்துத் தள்ளினார்.

பச்சைத் தொப்பி திரும்பவில்லை.

"அப்பா! அப்பா!"

திரும்பவில்லை. டீச்சரின் கால்கள் அப்படியே நின்றுவிட்டன. கடையில் கேட்டபோது தெரிந்துகொண்டது வேறு. இப்போது பார்ப்பது வேறு. டிக்கெட் அவள் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினாள். "இங்கேர்ந்து கூப்பிட்டு ஆகாதும்மா. ஓடுங்க, முன்னால போய் நில்லுங்க!" பிறகு முழங்காலை மறந்து தானும் ஓடினாள். "நிறுத்துங்க! கதவை மூடாதீங்க! ஆள் இறங்கணும்!"

அந்தக் குரலுக்கு ஓடுகிற பஸ்ஸே நின்றிருக்கிறது. படுக்கையும் நின்றது.

டீச்சர் சுற்றிக்கொண்டு போய் அப்பாவின் கண்ணுக்கு நேரே நின்றாள். மாத்திரை டப்பாவை அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். பல் டாக்டர் டப்பாவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பின்னால் தலை குனிந்து நின்ற கடைக்காரரைப் பார்த்தார். திருட்டுத்தனம் பிடிபட்ட பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கண்களை மூடிக்கொண்டார்.

மீட்டர் உள்ளேயிருந்து வந்த காது டாக்டரிடம் இரண்டே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னார். டாக்டர் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுச் சுவரில் சாய்ந்தார். அவருக்குக் கோபம் வந்தது, பயமும் வந்தது. இன்றைக்கு ஆபரேஷன் கிடையாது என்றார். உடனே இதய டாக்டரை வரவழைத்தார். மாத்திரையை எப்போது, எப்படி மறுபடி தொடங்குவது என்பதை அவர் முடிவு செய்வார். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லியிருந்தால் இரண்டு டாக்டர்களும் சேர்ந்து நான்கைந்து வாரத்தில் முறைப்படி செய்திருக்கலாம், இப்போதும் செய்யலாம் என்றார். எட்டு மாதமெல்லாம் வேறு யாருடைய கதையோ.

அரை மணி கழித்து வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் பல் டாக்டர் உட்கார்ந்திருந்தார். கதவருகே டிக்கெட்டும் மீட்டரும் கிளம்பத் தயாராக நின்றார்கள்.

"ஏம்ப்பா சொல்லலை?" டீச்சர் அழுதுகொண்டே கேட்டாள்.

அவர் அவள் உதட்டைக் கவனித்துவிட்டுப் பதில் சொன்னார். சத்தம் தேவைக்கு மேல் இருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை. "உங்கம்மா போனதுக்கப்புறம் என்கிட்டப் பேசற ஆள் நீ ஒருத்திதான். காது கேக்கலைன்னு தெரிஞ்சா நீ சுருக்கமாப் பேசுவே. முக்கியமானதை மட்டும் சொல்லுவே. எல்லாரும் அப்படித்தான் பண்ணுவாங்க, கிளினிக்ல பார்த்திருக்கேன். ஸ்டாஃப் ரூம் சண்டை, பக்கத்து வீட்டு நாய், உன் தலைவலி... அதெல்லாம் சொல்லவே மாட்டே."

டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொள்ளத் திரும்பினாள். ஜன்னல் பக்கம் பார்த்தபடி, உடைந்த குரலில் என்னவோ சொன்னாள். கதவருகே நின்ற டிக்கெட்டுக்குக்கூட அது சரியாகக் காதில் விழவில்லை.

பல் டாக்டர் வழக்கம் போலச் சிரித்தார். வழக்கம் போலத் தலையை ஆட்டப் போனார். பாதி ஆட்டத்தில் நிறுத்தினார். கையை நீட்டி மகளின் தோளைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பினார்.

"என்னம்மா? கேக்கலை" என்றார். "இன்னொரு தடவை சொல்லு."